வரிக் கழுதைப்புலி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக்கணக்கில் ஒரு பேச்சும் இருக்காது. திடீரென்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றத் தொடங்கும். ‘கந்தளாய்க் காட்டில் கழுதைப்புலி, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்’ என்று அடியில் எழுதியிருக்கும். அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு, விலங்கியல் படிப்பிக்கிற என்னைப் போன்றவர்களின் போன் ஓயாது. வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் பார்த்துவிட்டுப் போனாலும் சரி.

திருகோணமலைக் காடுகளில் கழுதைப்புலி இருக்கிறதா?

இல்லை. திருகோணமலையில் மட்டுமல்ல, இலங்கையின் எந்தக் காட்டிலும் இல்லை. வரிக் கழுதைப்புலி வடக்கு, கிழக்கு ஆபிரிக்காவில் தொடங்கி அரபு நாடுகள், துருக்கி, ஈரான், மத்திய ஆசியா வழியாக இந்தியா, நேபாளம் வரை பரவியிருக்கும் விலங்கு. தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம், மோயாறு பக்கங்களில் இன்றும் உண்டு. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் கிடையாது.

வீடியோ வந்தால் முதலில் அதன் தோலைப் பாருங்கள். உடம்பில் புள்ளி இருந்தால் அது புள்ளிக் கழுதைப்புலி. சகாராவுக்குத் தெற்கே ஆபிரிக்காவில் மட்டும் வாழ்வது. வரி இருந்தால் பெரும்பாலும் இந்தியாவிலோ அரபு நாட்டிலோ எடுத்தது. பின்னணியில் ஆட்கள் கதைக்கும் மொழியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்படியென்றால் நான் இரவில் நிலாவெளி றோட்டில் கண்டது என்ன?

பெரும்பாலும் நரி. சொறி பிடித்து மயிர் கொட்டிய நரியோ தெருநாயோ மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் விழுந்தால் எவருக்கும் நெஞ்சு பதறும். குளக்கரை, சதுப்பு, வில்லு (ஆற்றோரத்து வெள்ளம் தேங்கும் தாழ்நிலம்) ஓரங்களில் என்றால் மீன்பிடிப்பூனையாக இருக்கலாம். அதன் உடம்பிலும் கழுத்திலும் கருமையான புள்ளியும் கோடும் இருப்பதால் ‘வரி இருந்தது சேர்’ என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு.

வேறுபாடு பருமனில் இருக்கிறது. நரி பத்துக் கிலோவுக்கு அங்கிட்டு இங்கிட்டு. வளர்ந்த வரிக் கழுதைப்புலி சராசரியாக 35 கிலோ வரும். முன்கால் நீளம், பின்கால் கட்டை, ஆகவே முதுகு தோளிலிருந்து வாலை நோக்கிச் சரிந்து கிடக்கும். அந்தச் சரிவை ஒருமுறை பார்த்தவர் நரியோடு குழப்ப மாட்டார்.

இரவில் கேட்கும் ஊளையும் நரியுடையதுதான். ஒன்று தொடங்க மற்றவை சேர்ந்துகொள்ளும்.

இந்தியாவில் இருக்கும்போது இங்கே மட்டும் ஏன் இல்லை?

பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்து கிடந்தபோது இலங்கையும் இந்தியாவும் ஒரே தரையாக இருந்தன. யானை, கரடி, சிறுத்தை, நரி எல்லாம் அந்த வழியாக நடந்து வந்தவையே. வந்தவை எல்லாம் நிலைக்கவும் இல்லை. குருவிட்டப் பகுதியில் சிங்கத்தின் பல்லும் புலியின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. அங்கு கிடைத்த புலி எலும்புக்குக் கணக்கிட்ட வயது ஏறக்குறைய 16,500 ஆண்டுகள். இன்று அவை இரண்டும் இங்கே இல்லை. இந்தியாவில் காணப்படும் ஓநாயும் செந்நாயும்கூட இல்லை. கழுதைப்புலியும் அந்த இல்லாதவர்களின் பட்டியலில்தான் வருகிறது. நமது வறண்ட வலயத்து முட்புதர்க்காடு அதற்குப் பிடித்த மாதிரியான நிலம் என்பது வேறு கதை.

அது நாய்க் குடும்பமா, பூனைக் குடும்பமா?

இரண்டுமில்லை. பார்வைக்கு நாய், ஆனால் வம்சாவளியில் பூனையின் பக்கம். அதிலும் மிகக் கிட்டிய உறவு கீரி. உங்கள் வளவில் கோழிக்குஞ்சைத் தேடித் திரியும் அதே கீரிதான். இலங்கையில் நான்கு வகைக் கீரி இருப்பதால், கழுதைப்புலியைப் பார்க்காத நமக்கு அதன் சொந்தக்காரர்களைப் பார்க்கவாவது குறைவில்லை.

கழுதைப்புலிக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது நான்கே இனம்: புள்ளி, வரி, பழுப்பு, பிறகு கறையான் தின்னும் ஒரு சிறிய வகை. கடைசியாகச் சொன்னது எலும்பையே தொடாது. ஒரே இரவில் 200,000க்கும் மேற்பட்ட கறையான்களை நக்கித் தின்றுவிடும்.

அது சிரிக்குமாமே?

சிரிப்பது ஆபிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி. சிறுவர் கார்ட்டூன்களில் கூட்டமாகக் கெக்கலித்துக்கொண்டு வரும் வில்லன்கள் அந்த இனம்தான். உண்மையில் அந்தச் சத்தம் பதற்றத்தில் வருவது, குஷியில் அல்ல. வரிக் கழுதைப்புலி அமைதியான விலங்கு. உறுமும், சிணுங்கும், நெருக்கடியில் கீச்சிடும், அவ்வளவுதான். ஊருக்குப் பக்கத்துப் பாறையிடுக்கில் வருடக்கணக்காகக் குடியிருந்தும் ஊரார் அறியாமல் இருப்பதற்கு இந்த வாயடக்கமும் ஒரு காரணம்.

எலும்பை உண்மையாகவே மென்று தின்னுமா?

தின்னும். இந்த விலங்கின் முழு உடம்பும் அந்த ஒரு வேலைக்காகவே கட்டப்பட்டது என்று சொல்லலாம். வாயில் 34 பற்கள். அவற்றில் முன்கடைவாய்ப் பற்கள் கூம்பு வடிவில், அடி தடித்து, மழுங்கின உச்சியோடு இருக்கும். எலும்பு நொறுங்குவது அங்கேதான். அதற்குப் பின்னால் இருக்கும் பல் கத்தி மாதிரி. தோலையும் தசைநாரையும் அது வெட்டும். தலையை ஒரு பக்கம் சரித்து, எலும்பை வாயின் ஓரத்துக்குத் தள்ளி, தடித்த பல்லுக்கு நேரே கொண்டுவந்து கடிக்கும். மண்டையோட்டின் உச்சியில் ஓர் எலும்பு மேடு ஓடுகிறது; தாடைத் தசை அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு பலத்தையும் எடுக்கிறது. கழுத்தும் அப்படித்தான், செத்த ஆட்டின் காலைக் கவ்விக்கொண்டு கிலோமீற்றர் கணக்கில் நடக்கும் கழுத்து.

உள்ளே போன எலும்பை வயிற்று அமிலம் கரைத்துவிடும். மச்சையில் இருக்கும் கொழுப்பு உடம்பில் சேரும், சுண்ணாம்பு வெளியே வரும். அதனால்தான் அதன் எச்சம் காய்ந்தால் வெள்ளையாகக் கிடக்கிறது. காட்டில் வேலை செய்பவர்கள் விலங்கைக் காண்பதற்கு முன் கண்டுபிடிப்பது இந்த வெள்ளை உருண்டைகளைத்தான்.

எல்லாவற்றையும் அங்கேயே தின்றுவிடாது. பாதியைக் குகைக்குக் காவிச் செல்லும். சவூதி அரேபியாவின் வடமேற்கில், ஹர்ரத் கைபர் எரிமலைப் பாறை நிலத்தில், உம் ஜிர்சான் என்றொரு குகை இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த பிறகு எஞ்சிய நீளமான சுரங்கம் அது. அதற்குள் ஆடு, மாடு, ஒட்டகம், குதிரை என்று இலட்சக்கணக்கில் எலும்புகள் குவிந்து கிடக்கின்றன, நடுவே மனித மண்டையோட்டுத் துண்டுகளும். ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் பழையவை ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. சேர்த்து வைத்தது பெரும்பாலும் வரிக் கழுதைப்புலிகள். அந்தப் பக்கத்தில் எந்தக் காலத்தில் எந்தக் கால்நடை மேய்ந்தது என்று அறிய இன்று அந்தக் குப்பைதான் ஆவணம்.

வேட்டையாடாதா? வெறும் செத்ததுதானா?

முயல், எலி, ஆமை, பறவை, பூச்சி என்று கிடைத்ததைப் பிடிக்கும். ஆட்டுக்குட்டியையும் தெருநாயையும் தூக்கிப்போவதுண்டு. ஆனால் பிழைப்பு ஓடுவது செத்ததைக் கொண்டுதான். பலருக்கும் நம்ப முடியாத விஷயம், அது பழமும் தின்னும். இஸ்ரேலில் வத்தகைப்பழத் தோட்டக்காரர்களும் பேரீச்சந்தோட்டக்காரர்களும் இதைத் திட்டுவது கள்வனைத் திட்டுவது போலத்தான். நமது கச்சான், சோளச் சேனைகளில் காட்டுப்பன்றி வாங்கும் திட்டு அங்கே கழுதைப்புலிக்கு.

கூட்டமாக வாழுமா?

இரையைத் தேடி நடப்பது தனியாகத்தான். நன்றாக இருட்டிய பிறகு வெளிக்கிடும், விடியுமுன் திரும்பிவிடும். ஆனால் தனியாக நடப்பதால் தனிமை விலங்கு என்று முடிவு கட்ட முடியாது. கென்யாவின் லைக்கிப்பியாவில் செய்த ஆய்வுகளில், ஒரு பெண்ணும் சில ஆண்களும் ஒரே பரப்பைப் பங்கிட்டு வாழ்வது தெரியவந்தது. பல பெண்களும் ஓர் ஆணும் என்பதுதான் பாலூட்டிகளில் நாம் வழக்கமாகப் படிப்பது; இங்கே கணக்குத் தலைகீழ்.

நேரில் சந்திக்காமலே இவை பேசிக்கொள்ளும் முறை வாசனை. வாலுக்குக் கீழே ஒரு சுரப்பிப் பை. புல் தண்டு ஒன்றைப் பின்கால்களுக்கு நடுவே வளைத்து, அதன்மேல் மெல்ல நகர்ந்து, அந்தப் பையிலிருந்து மஞ்சள் கலந்த பசை ஒன்றை ஒரு கோடாகத் தடவிவிட்டுப் போகும். அடுத்து வருகிற கழுதைப்புலி நின்று, முகர்ந்து, தன் பங்குக்கும் தடவும். இரண்டு நேருக்கு நேர் வந்தால் முதலில் முகம் முகரும், பிறகு வாலைத் தூக்கி அந்தப் பையை வெளியே பிதுக்கிக் காட்டும். நமக்கு அருவருப்பு, அதற்கு அது முகமன்.

இன்னொரு வியப்பு. இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் ஓநாய்க் கூட்டத்தோடு ஒரு வரிக் கழுதைப்புலி சேர்ந்து திரிந்ததைக் கண்டிருக்கிறார்கள். 2016இல் அதுபற்றிய கட்டுரை வந்தது. ஓநாய் ஓடிப் பிடிக்கும், கழுதைப்புலி தொலைவிலிருந்தே மணம் பிடித்து எலும்பையும் உடைக்கும். பாலைவனத்துப் பசிக்கு அந்தக் கூட்டணி பொருந்திப்போயிருக்க வேண்டும்.

குட்டிகள் எத்தனை?

ஏறக்குறைய மூன்று மாதக் கர்ப்பம். ஒன்று முதல் நான்கு வரை குட்டிகள். பிறக்கும்போது கண் மூடியிருக்கும், வரி மட்டும் அப்போதே இருக்கும். ஒரு மாதத்தில் இறைச்சி தொடங்கும்; ஆனாலும் பால் குடிப்பது பத்து மாதம், ஒரு வருடம் என்று இழுபடும். குகை வாசலில் எலும்பு குவிவதில் பெரும்பங்கு இந்தக் குட்டிகளுக்காகக் கொண்டுவந்ததே.

செத்த மாதிரி நடிக்கும் என்பது உண்மையா?

உண்மை. முதலில் மிரட்டிப் பார்க்கும். கழுத்திலிருந்து வால் வரை ஓடும் பிடரிமயிரை நிமிர்த்தும்போது, மெலிந்த விலங்கு சட்டென்று பெருத்துத் தெரியும். எதிரி அதற்கும் அஞ்சாமல், ஊர்நாய்கள் சூழ்ந்து பிடுங்கத் தொடங்கினால் அப்படியே சரிந்து விழும். கால் தளர்ந்து, தலை தொங்கி, கடித்து இழுத்தாலும் அசையாமல் கிடக்கும். அசையாத பொருளில் நாய்களுக்கு அக்கறை சீக்கிரம் விட்டுப்போகும். ஒன்று அங்கால் பார்க்கும், மற்றது குரைத்துக்கொண்டு விலகும். அந்த இடைவெளியில் எழுந்து ஒரே ஓட்டம். இவ்வளவு பலமான தாடையை வைத்துக்கொண்டு திருப்பிக் கடிக்காமல் நடிப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

வருடத்துக்கு வருடம் ஆண் பெண்ணாக மாறுமாமே?

பழைய கிரேக்கர் காலத்துக் கதை. அப்போதே அரிஸ்டோட்டில் அது பிழை என்று எழுதிவிட்டார். வாலின் கீழுள்ள சுரப்பிப் பையைப் பார்த்து ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள் என்பது அவருடைய விளக்கம். பெண்ணின் உறுப்பு ஆணுடையதைப் போலவே இருப்பது புள்ளிக் கழுதைப்புலியில் மட்டும்.

மனிதரைத் தாக்குமா?

ஆளைக் கண்டால் விலகிப் போகும் விலங்கு. சிறு பிள்ளைகளைத் தாக்கிய பழைய பதிவுகள் சில நாடுகளில் உண்டு, ஆனால் மிக அரிது. இங்கே நமக்கு அதைவிட அவசரமான விஷயம் வேறு: நாயோ நரியோ கடித்தால், கீறினால், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய் தொடங்கிவிட்டால் மருந்து கிடையாது.

சவூதியில் வேலை செய்தபோது செத்த கழுதைப்புலியை மரத்தில் தொங்கவிட்டிருந்ததைக் கண்டேன். ஏன் அப்படி?

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து போய்வந்தவர்கள் இதைக் கேட்பார்கள். ஆட்டுமந்தை வைத்திருப்பவர்கள் ஓநாயையும் கழுதைப்புலியையும் கொன்று இப்படிப் பார்வைக்குத் தொங்கவிடுவது அங்கே பழைய வழக்கம். கழுதைப்புலி ஆளை மயக்கித் தன் குகைக்கு நடத்திக்கொண்டு போகும் என்ற நம்பிக்கையும் அரபு நாடுகளில் பரவலாக இருக்கிறது. அதன் உடலுறுப்புகளை மருந்துக்கும் வசியத்துக்கும் தேடுகிறவர்களும் பல நாடுகளில் உண்டு. நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. நரிக்கொம்பு வைத்திருந்தால் வழக்கு வெல்லும், காசு சேரும் என்று நம்பி ஏமாறுகிற ஆட்கள் நமது ஊரிலேயே இருக்கிறார்கள். நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை.

இதோடு சேர்ந்து வரும் கேள்வி, உண்ண ஆகுமா என்பது. மத்ஹபுகள் எனப்படும் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு: ஷாபிஈ ஆகும் என்கிறது, ஹனபி ஆகாது என்கிறது. மேலும் விளக்கம் வேண்டுமானால் மௌலவியிடம் கேளுங்கள். விலங்கே இல்லாத நாட்டில் இந்தக் கேள்வி குசினி வரை வராது என்பது என் ஆறுதல்.

கழுதைப்புலி இல்லாத நமது ஊரில் செத்த மாட்டை யார் அப்புறப்படுத்துகிறார்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, பிள்ளைகள்தான் கேட்பார்கள். இலங்கையில் கழுதைப்புலியும் இல்லை, இங்கேயே கூடு கட்டி வாழும் பிணந்தின்னிக் கழுகும் இல்லை. ஆகவே அந்த வேலை பல கைகளுக்குப் பிரிந்துபோயிருக்கிறது.

தம்பலகாமத்து வயல்வெளியில் ஒரு பட்டிமாடு செத்துக் கிடக்கிறது என்று வையுங்கள். முதலில் காகம், கண்ணில்தான் தொடங்கும். இலையான் முட்டை இட்டுவிடும். வெயிலில் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. செம்பருந்து மேலே வட்டமிட்டுவிட்டு ஒரு துண்டைப் பறித்துப்போகும். வாய்க்கால் பக்கமிருந்து கபரக்கொய்யா (நீர் உடும்பு) வந்து, தோல் மெலிந்த இடத்தைத் தேடி வயிற்றுப் பக்கமாகத் தலையை உள்ளே விடும். தெருநாய்கள் பகலிலும், நரியும் காட்டுப்பன்றியும் இரவிலும். மகாவலி ஓரத்து வில்லுகளுக்குக் கிட்ட என்றால் முதலையும் தன் பங்கை எடுக்கும்.

இத்தனை பேர் வந்துபோன பிறகும் ஒன்று மிஞ்சும். தொடையெலும்பு, இடுப்பெலும்பு, மண்டையோடு. அவற்றை உடைக்க இங்கே எவருக்கும் தாடை இல்லை. ஆகவே அவை அடுத்த போகம் வரை வெளுத்துக் கிடக்கும். இராஜஸ்தானிலோ குஜராத்திலோ ஊருக்கு வெளியே மாட்டைப் போடும் இடத்தில் கழுதைப்புலி வருமென்றால் அந்தத் தொடையெலும்பு அத்தனை நாள் கிடக்காது. இங்கே கிடக்கும் எலும்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிலவற்றின் ஓரத்தில் உளியால் இழைத்த மாதிரி அருகருகே பற்கோடுகள் இருக்கும். அது முள்ளம்பன்றி. சுண்ணாம்புச் சத்துக்காகவும், வளர்ந்துகொண்டே போகும் முன்பல்லைத் தேய்ப்பதற்காகவும் கொறிக்கிறது. கழுதைப்புலி எலும்பை நொறுக்கும், முள்ளம்பன்றி சுரண்டும். நொறுங்க ஒரு நாள் எடுக்கும் வேலை சுரண்டினால் மாதக்கணக்கு.

அப்படியென்றால் இந்தியாவிலிருந்து நாலைந்தைக் கொண்டுவந்து விடலாமே? கோட்டைப் பக்கத்து மான்களும் கட்டுப்படுமே?

வேண்டாம். பிரட்றிக் கோட்டை மான்களுக்கு இருக்கும் சிக்கல் நெகிழிப் பையும் தெருநாயும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியதில்லை. வேற்று விலங்கைக் கொண்டுவந்து விட்டவர்கள் பட்ட பாட்டுக்குக் கீரியே சாட்சி. கரும்புத் தோட்டத்து எலியை ஒழிக்க 1872இல் ஜமைக்காவுக்கும், 1883இல் ஹவாய்க்கும் கீரியைக் கொண்டுபோனார்கள். எலி இரவில் திரியும், கீரி பகலில் திரியும். கடைசியில் அழிந்தது தரையில் கூடு கட்டும் பறவைகளும் ஊர்வனவும்.

அது அழிந்துகொண்டு வருகிறதா?

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறுத்தலுக்கு அண்மித்த இனமாக வைத்திருக்கிறது. உலகம் முழுவதும் சேர்த்து வளர்ந்த விலங்குகள் 10,000க்கும் குறைவு. வாகனம், கண்ணி, குகைக்குத் தீ வைத்தல் என்று காரணங்கள் பல. அவற்றில் மோசமானது நஞ்சு. ஓநாயோ சிறுத்தையோ மாட்டைக் கொன்றால், கோபத்தில் அந்த உடலிலேயே நஞ்சைத் தடவி வைக்கிறார்கள். கொன்ற விலங்கு திரும்பி வராமலும் போகலாம். செத்ததைத் தேடியே நடக்கும் கழுதைப்புலி கட்டாயம் வரும்.

இது தூரத்துக் கதையில்லை. மாட்டுப் பட்டிக்காரர் சிலர் இங்கேயும் சிறுத்தைக்கென்று செத்த கன்றில் பூச்சிநாசினி வைக்கிறார்கள். மேலே சொன்ன காகம் முதல் நரி வரை அத்தனையும் அந்த ஒரு கன்றில் வாய் வைக்கும், பக்கத்து வீட்டு நாய் உட்பட. சிறுத்தையைக் கொல்வது சட்டப்படி பெருங்குற்றம். கன்றைக் காப்பாற்ற இரவில் அடைக்கும் உறுதியான பட்டி போதும். மாடு செத்துவிட்டால் ஆழமாகப் புதையுங்கள், அல்லது தூரக் காட்டில் அப்படியே விடுங்கள். மருந்து மட்டும் போடாதீர்கள்.

நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?

பலாலியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சென்னைக்குப் பறந்தால் மசினகுடி ஒரு நாள் பயணம். அங்கே கழுதைப்புலி இருக்கிறது, ஆனால் காட்டு மறைவில் காண்பது அதிர்ஷ்டம். வெட்டவெளியில் பார்க்க விரும்பினால் குஜராத்தின் வேளாவதார் புல்வெளிக்குப் போங்கள். கலைமானுக்குப் பெயர்போன பூங்கா அது. அதிகாலை அல்லது மாலை மங்கும் நேரச் சுற்றுலாவைத் தெரிவு செய்யுங்கள். யூன் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை பூங்கா மூடியிருக்கும், டிக்கெட் எடுக்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.